ஓர் எழுத்துக்காக நின்றுபோகும் வாசிப்பு

வானொலியில் நான் படைக்கும் இரவு நேர நிகழ்ச்சிக்கு இன்னமும் கையால் கடிதம் எழுதி அனுப்பும் நேயர்கள் உண்டு. சென்ற ஆண்டு அப்படி ஒரு கடிதம் ஈசூனிலிருந்து வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, நடுங்கும் கையெழுத்து. கணவர் இறந்து ஓராண்டு ஆகிறதாம். அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை, அவர் பெயரைச் சொல்லி ஒலியேற்ற வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டிருந்தார்.

நானும் பெயரைச் சொன்னேன், பாட்டைப் போட்டேன். ஆனால் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன்.

அவர் கணவரின் பெயர் 'கா' என்ற எழுத்தில் தொடங்கும். பாட்டியின் கையெழுத்தில் அது எனக்குச் 'சா' என்று தெரிந்தது. முழுப் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஓர் எழுத்து மாறினால் காப்பவன் சாத்தான் ஆகிவிடுவான் என்று சொன்னாலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. "எழுத்து ஒண்ணுதாம்மா மாறிச்சு. நீ வேணும்னா செஞ்ச?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தேன். அவரு பேர நான் வாயால சொன்னதே இல்ல. சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா வளத்தாங்க. நீ சொல்லிக் கேக்கணும்னுதான் எழுதிப் போட்டேன்."

என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "மன்னிச்சிடுங்க பாட்டி" என்றுதான் சொல்லியிருப்பேன். மறுபடியும் ஒலிபரப்பில் சரிசெய்யலாமா என்று நிலையத்தில் கேட்டேன். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள், எதற்கு அதைக் கிளறுகிறாய் என்றார்கள். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: நேரலையில் போனது போனதுதான். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

வாட்டர்லூ ஸ்திரீட்டிலிருந்து லண்டனுக்கு

இரண்டு மாதம் கழித்து விடுப்பில் லண்டன் போனேன். தங்கியது சித்தி வீட்டில். ஒரு மாலை, சித்தி மகளோடு வேலை செய்யும் யூத நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சிங்கப்பூர் என்றதும், அங்கே எங்கள் ஆலயம் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

பார்க்காமலா? வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்துக்கும் பக்கத்தில் உள்ள குவான் இம் கோயிலுக்கும் சின்ன வயதிலிருந்து அம்மாவோடு போய் வந்திருக்கிறேன். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இருப்பதுதான் 1878ல் திறக்கப்பட்ட மகேன் அபோத் யூத ஆலயம். 1905ல் மனாசே மேயர் கட்டிய செசெட் எல் ஆலயம் ஆக்ஸ்லி ரைசில் இருக்கிறது. நம் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் ஒரு யூதர் என்று பள்ளியில் படித்ததும் உண்டு. ஆனால் அந்த வேலிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

பேச்சுவாக்கில் பாட்டியின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். 'கா'வும் 'சா'வும் எப்படி இருக்கும் என்று தாளில் எழுதியும் காட்டினேன். நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆலயத்தில் இப்படி ஓர் எழுத்து கெட்டுப்போனால் வாசிப்பையே நிறுத்திவிடுவோம் என்றார்.

அவர் சொன்னது தோராவைப் பற்றி. தோரா என்பது யூதர்களின் வேதத்தில் முதல் ஐந்து நூல்கள். வீட்டில் படிக்க அச்சுப் புத்தகம் போதும். ஆலயத்தில் வாசிக்க மட்டும் தோலில், கையால், மையால் எழுதிய சுருள்தான் வேண்டும். வாரத்தில் திங்கள், வியாழன், சனிக்கிழமைகளில் அதை வெளியே எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது ஓர் எழுத்து உடைந்தோ விடுபட்டோ போயிருப்பது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, வேறொரு சுருளை எடுத்துவந்து தொடர்வார்கள். பழுதுபட்ட சுருளின் இடைக்கச்சையை உறைக்கு மேலே, வெளிப்புறமாகக் கட்டிவிடுவார்கள். இதில் குறை இருக்கிறது, சரிசெய்யும்வரை யாரும் எடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

தன் மாமா அந்தச் சரிசெய்யும் வேலையைத்தான் செய்கிறார், வந்து பார்க்கிறீர்களா என்று நண்பர் கேட்டார். வானொலிக்காரிக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டுமா?

மாசிக்காயும் வான்கோழி இறகும்

வடக்கு லண்டனில் வரிசை வீடு ஒன்றின் முன்னறைதான் அவருடைய பட்டறை. தன் பெயரைப் போட வேண்டாம், வேலையைப் பற்றி எழுதுங்கள், போதும் என்றார். அதனால் அவரை எழுத்தர் என்றே குறிப்பிடுகிறேன். எபிரேயத்தில் சோஃபெர் என்பார்கள். கட்டுப்பாடான யூத ஆண்கள் பிற பெண்களோடு கைகுலுக்கமாட்டார்கள் என்று சித்தி மகள் முன்பே எச்சரித்திருந்தாள். நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்படி ஒரு நல்ல வழி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று சிரித்தார்.

மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சுருள் விரிந்து கிடந்தது. ஊருக்கு வெளியே உள்ள சின்னச் சபை ஒன்றின் சுருளாம். வயது நூறுக்கு மேல். ஒரு சுருளில் ஏறக்குறைய 60 தோல் தாள்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தைத்து, இரண்டு பக்கமும் மர உருளைகளில் சுற்றியிருப்பார்கள். முழுக்க விரித்தால் 30 மீட்டரையும் தாண்டும். எழுத்துகளின் எண்ணிக்கை 304,805. புதிதாக ஒன்று எழுத ஒருவருக்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பிடிக்கும். விலையும் பல பத்தாயிரம் பவுண்டு. அதனால்தான் பழையதைச் சுலபத்தில் கைவிடமாட்டார்கள்.

மையை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு ஜாடியைத் திறந்து உருண்டையான காய் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாசிக்காய்! நம் வீட்டில் குழந்தைக்கு உரைமருந்தில் இழைத்துக் கொடுப்பார்களே, மலாய்க்காரப் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு 'மஞ்சகானி' என்று பயன்படுத்துவார்களே, அதே காய். கருவாலி மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் திரண்டு உருவாவது. அதோடு வேல மரப் பிசினும், நம் சித்த வைத்தியர்கள் அன்னபேதி என்று சொல்லும் இரும்பு உப்பும் சேர்த்து நீரில் காய்ச்சினால் கறுப்பு மை. எழுதுகோல் வான்கோழி இறகு அல்லது வாத்து இறகு. கீழை நாட்டு யூதர்கள் நாணலையும் பயன்படுத்துவதுண்டு. தோல் ஆடு, மாடு, மான் போல அவர்கள் உண்ணத் தகுந்த விலங்குகளுடையதாக இருக்க வேண்டும். தாள்களைத் தைக்கும் நூலும் அந்த விலங்குகளின் தசைநாரிலிருந்து எடுத்ததுதான்.

பழுதுபார்ப்பு என்றால் முதல் வேலை பார்ப்பதுதான். வரிவரியாக, எழுத்தெழுத்தாக. இப்போது கணினியும் உதவுகிறது. சுருளைப் படமெடுத்துக் கொடுத்தால், விடுபட்ட எழுத்தையும் கூடுதலாக வந்த எழுத்தையும் மென்பொருள் காட்டிவிடும். ஆனால் ஓர் எழுத்தின் உடலில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் அது செல்லுமா செல்லாதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும் என்றார் எழுத்தர்.

இந்த மையில் இரும்பு இருப்பதால் நாள்பட நாள்பட அது பழுப்பேறும், தோலைவிட்டுச் செதிலாக உரியும். சுருளை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தோல் வளைகிறது. மை வளையாது, உடைந்துவிடும். ஈரம் இன்னொரு பகை. தோல் ஈரத்தைக் குடித்து அலையலையாக நெளியும், பூஞ்சை பிடிக்கும். எங்கள் ஊரில் ஆண்டு முழுக்க ஈரம்தான் என்றேன். பூட்டி வைத்தே கெடுக்காமல் அவ்வப்போது எடுத்துச் சுற்றிக் காற்றாட விட வேண்டும் என்றார். வாசிக்கப்படும் சுருளைவிட, மரியாதைக்காக மூடியே வைத்த சுருள்தான் சீக்கிரம் கெடுமாம்.

அவர் வேலை செய்வதை ஒரு மணி நேரம் பார்த்தேன். வரிகளுக்கு நடுவே இருந்த அழுக்கை மென்மையான அழிப்பானால் எடுத்தார், எழுத்தின் மேல் படாமல். மை உதிர்ந்த இடங்களில் பழைய எழுத்தின் தடத்திலேயே புதிய மையை இட்டார். ஒவ்வொரு சொல்லையும் எழுதுமுன் வாய்விட்டுச் சொன்னார். மனப்பாடமாகத் தெரிந்தாலும் நினைவிலிருந்து எழுதக்கூடாது. பக்கத்தில் மூலப் படி இருக்க வேண்டும். அதைப் பார்த்து, சொல்லி, பிறகுதான் எழுத வேண்டும்.

கிழிசலுக்கும் விதி இருக்கிறது. எழுத்து வரிகளுக்குள் இரண்டு வரி வரை போன கிழிசலைத் தைக்கலாம். மூன்று வரிக்குள் புகுந்துவிட்டால் பொதுவாகத் தையல் மட்டும் போதாது. பின்னால் தோல் ஒட்டுப் போடுவதா, தாளையே மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எப்போதோ யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய ஒட்டுநாடா, மஞ்சளாகி, தோலோடு இறுகிப் போயிருந்தது. அதைக் காட்டும்போதுதான் அவர் குரலில் கொஞ்சம் எரிச்சலைக் கேட்டேன். நூறு ஆண்டு செய்யாத கேட்டை ஒட்டுநாடா பத்து ஆண்டில் செய்துவிடும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். வாசித்து முடித்ததும் சுருளை விரித்தபடி உயரத் தூக்கிச் சபைக்குக் காட்டுவார்கள். அப்போது ஒரு தையல் நடுவில் வரும்படி வைத்துக்கொள்வார்கள். பாரத்தில் கிழிய நேர்ந்தால் தையலில் கிழியட்டும், எழுத்து உள்ள தோலில் வேண்டாம் என்பதற்காக. தையலை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சுரண்டக்கூடாத பெயர்

தவறாக எழுதிய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுதலாம். கடவுளின் பெயரை மட்டும் சுரண்டக்கூடாது. அந்தப் பெயரை எழுதுமுன் எழுத்தர் கையை நிறுத்தி, இதை அதன் புனிதத்துக்காகவே எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். அதில் பிழை விழுந்தால் அந்தத் தாளையே எடுத்துவிட்டு வேறு தாள் எழுத வேண்டியதுதான். எடுத்த தாளைக் குப்பையில் போடமாட்டார்கள். பாதுகாத்து வைத்து மண்ணில் புதைப்பார்கள். வாசிக்கும்போதும் அந்தப் பெயரை எழுதியபடி உச்சரிப்பதில்லை. 'என் ஆண்டவர்' என்று பொருள்படும் வேறொரு சொல்லைச் சொல்கிறார்கள்.

அதைக் கேட்டபோது ஈசூன் பாட்டியின் நினைவு வந்தது. அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பெயரைத்தான் என்னிடம் கொடுத்திருந்தார்.

எழுத்தரிடம் 'கா', 'சா' கதையைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு எபிரேய எழுத்துகளை எழுதினார். ஒன்று தாலெத், மற்றது ரேஷ். இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். தாலெத்தின் மேல் மூலை கூராக இருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. கடவுள் ஒருவரே என்று யூதர்கள் நாள்தோறும் சொல்லும் அறிக்கை தோராவில்தான் வருகிறது. அதில் ஒன்று என்ற பொருள் தரும் 'எகாத்' என்ற சொல் தாலெத்தில் முடியும். அந்த மூலை தேய்ந்து ரேஷ் ஆகிவிட்டால் அதை 'அகேர்' என்று வாசிக்கலாம். அதற்கு வேறு என்று பொருள். ஒரே கடவுள், வேறு கடவுள் ஆகிவிடுவார்! இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதால்தான் அந்த இடத்தில் தாலெத்தைப் பெரிய அளவில் எழுதுவது மரபு என்றார்.

மூலை தேய்ந்து தாலெத்தா ரேஷா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்களாம். எழுத்து தெரிந்த, ஆனால் பொருள் தெரியாத சிறுவனை. அந்த எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். அவன் சரியாகச் சொன்னால் எழுத்து செல்லும். படித்த பெரியவரைக் கேட்கக்கூடாது. அவருக்கு வாக்கியம் முழுவதும் தெரியும். இங்கே இதுதான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்வதைக் கண் பார்த்ததாக நினைத்துக்கொள்வார். குழந்தை இருப்பதை மட்டும் பார்க்கும்.

எனக்குச் சுருக்கென்றது. ஊடகம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பத்தாண்டுகளுக்கு மேல் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அன்று பாட்டியின் கடிதத்தில் எழுத்தைப் பார்க்கவில்லை. நேரமாகிறது என்ற அவசரத்தில், இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து வாசித்துவிட்டேன்.

இந்த வேலையைப் பெண்கள் செய்யலாமா என்றும் கேட்டேன். தன் மரபில் இல்லை என்று நேராகவே சொன்னார். யூதர்களில் எல்லாப் பிரிவினரும் அப்படி நினைப்பதில்லை. 2007ல் ஜென் டெய்லர் ஃபிரீட்மன் என்ற பெண் முழுத் தோராச் சுருள் ஒன்றை எழுதி முடித்தார். அவரைப் போல வேறு பெண்களும் இன்று எழுதுகிறார்கள், பழுதுபார்க்கிறார்கள்.

1,564 சுருள்களும் ஒரு கதவுத் தட்டலும்

விடைபெறும்போது எழுத்தர், சிங்கப்பூருக்குத் திரும்புமுன் கென்ட் ஹவுஸுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். நகரின் நடுவே, ஹைட் பார்க்கை ஒட்டிய நைட்ஸ்பிரிட்ஜ் வட்டாரத்தில் உள்ள பழைய மாளிகை அது. வெஸ்ட்மின்ஸ்டர் யூதச் சபை அங்கேதான் கூடுகிறது. மேல்மாடியில் ஒரு சிறு அருங்காட்சியகம். முன்பதிவு செய்துகொண்டு போனேன்.

கதை 1942ல் தொடங்குகிறது. இன்றைய செக் நாட்டின் பொஹேமியா, மொராவியா வட்டாரங்கள் அப்போது ஹிட்லரின் ஆட்சியில் இருந்தன. ஊர் ஊராக யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெறுமையாகிப் போன ஆலயங்களின் பொருள்கள் ப்ராக் நகரின் யூத அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ளி விளக்குகள், பட்டுத் திரைகள், புத்தகங்கள், தோராச் சுருள்கள். அங்கிருந்த யூத ஊழியர்கள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவர்களையும் ஒவ்வொருவராக முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நிபுணர்களில் போருக்குப் பிறகு உயிரோடு திரும்பி வேலையைத் தொடர்ந்தவர் ஹானா வோலாவ்கோவா. அந்த வட்டாரங்களின் யூதர்களில் ஏறக்குறைய 80,000 பேர் கொல்லப்பட்டார்கள். ப்ராகில் உள்ள பிங்காஸ் ஆலயத்தின் சுவர்களில் அவர்கள் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன.

மனிதர்கள் போய்விட்டார்கள், சுருள்கள் இருந்தன. போருக்குப் பின் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. ப்ராகின் புறநகரான மிக்லேயில் கைவிடப்பட்ட ஆலயம் ஒன்றில் அவற்றை அடுக்கி வைத்தார்கள். ஈரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. 1963ல், லண்டனில் கலைப் பொருள் வணிகம் செய்துவந்த எரிக் எஸ்டோரிக் என்ற அமெரிக்கரிடம், இவற்றை வாங்குகிறீர்களா என்று அரசு வணிக நிறுவனம் கேட்டது. சிமென் அப்ராம்ஸ்கி என்ற எபிரேய அறிஞர் போய்ச் சோதித்துப் பார்த்தார். ரால்ஃப் யாப்லன் என்ற கொடையாளர் பணம் கொடுத்தார். 1964 பிப்ரவரியில் 1,564 சுருள்கள் கென்ட் ஹவுஸ் வாசலில் வந்திறங்கின.

பிளாஸ்டிக் உறைகளில் சுற்றி, வரிசை வரிசையாகத் தரையில் கிடத்தியபோது, பார்த்தவர்களுக்கு அவை பிணங்களைப் போலத் தோன்றினவாம். சில சுருள்களைத் தொழுகைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வேறு சிலவற்றைக் கையில் கிடைத்த துணியாலும் இடுப்புவாராலும். கட்டியவர்களுக்கு நேரம் இல்லை என்பது அதிலேயே தெரிந்தது.

ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து வகைப்படுத்தினார்கள். நல்ல நிலையில் உள்ளவை, பழுதுபார்க்கக்கூடியவை, பழுதுபார்க்க முடியாதவை. ஆனால் இத்தனைச் சுருளையும் யார் பழுதுபார்ப்பது?

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். தாடி வைத்த ஒருவர் வாசலில் நின்றார். பெயர் டேவிட் பிராண்ட். வேலை தேடும் எழுத்தர். பழுதுபார்க்கத் தோராச் சுருள் ஏதேனும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். கதவைத் திறந்தவர், ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல் இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்று சொன்னதாக அந்தச் சபையில் இன்றும் கதை சொல்கிறார்கள். வந்தவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்து ஒவ்வொரு சுருளாகச் சரிசெய்தார்.

அந்த மேல்மாடியில் நின்றபோது டேவிட் பிராண்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வந்து விளக்கைப் போட்டு, ஒரு சுருளை விரித்து உட்காருவார். அதை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. அவரால் அவர்களுக்குச் செய்ய முடிந்தது, உதிர்ந்த எழுத்தை மறுபடி எழுதுவது மட்டும்தான். அதைத்தான் நாள்தோறும் செய்திருக்கிறார்.

புதைக்காமல் வைத்தவை

சரிசெய்த சுருள்களை விற்கவில்லை. உலகெங்கும் உள்ள யூதச் சபைகளுக்கு நீண்டகால இரவலாகக் கொடுத்தார்கள். இப்படி 1,400க்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சிறு தகடு. வாங்கிக்கொண்ட சபை, அந்தச் சுருள் வந்த ஊரைப் பற்றியும் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றியும் தெரிந்துகொண்டு அவர்களை நினைவுகூர வேண்டும். பதின்மூன்று வயதில் முதன்முதலாகச் சபை முன்னால் தோரா வாசிக்கும் சடங்கு யூதப் பிள்ளைகளுக்கு உண்டு. சில சபைகளில் அந்தப் பிள்ளை, அதே ஊரில் அந்த வயதை எட்டாமலே கொல்லப்பட்ட ஒரு பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாசிக்கிறது. 2019ல் நியூயார்க்கின் எமானு எல் ஆலயத்தில் இந்தச் சுருள்களில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து ஒரே இடத்தில் கூட்டினார்கள்.

கென்ட் ஹவுஸின் அடுக்குகளில் இன்னும் இருப்பவை பெரும்பாலும் பழுதுபார்க்க முடியாதவை. நனைந்தவை, கருகியவை, பசை போல் ஒட்டிக்கொண்டவை. யூத வழக்கப்படி இப்படிப்பட்ட சுருளைப் புதைக்க வேண்டும். மண் கலத்தில் வைத்து, கற்றறிந்தவர் ஒருவரின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைப்பது பழைய முறை. ஆனால் இவற்றைப் புதைக்கவில்லை. நடந்ததற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பழுதுபார்த்தால் அந்தக் காயம் மறைந்துவிடாதா? ஈரக் கறையும் கீறலும்தானே அங்கே நடந்ததைச் சொல்கின்றன? அருங்காட்சியகத்தில் இருந்த தொண்டூழிய அம்மாவிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். வாசிக்கத் தகுந்ததாக முழுவதும் சரிசெய்யும் சபையும் உண்டு, அப்படியே கண்ணாடிப் பேழையில் வைக்கும் சபையும் உண்டு. எதைச் செய்தாலும் சரி, அலமாரியில் போட்டு மறந்துவிடக்கூடாது என்பதுதான் தாங்கள் கேட்டுக்கொள்வது என்றார்.

நான் மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் வாசிக்கும்படி சரிசெய்வதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நான் வானொலிக்காரி. எழுதியதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு நிறைவு. ஆனால் அந்த அடுக்குகளுக்கு முன்னால் நின்றபோது, சரிசெய்யவே முடியாத சிலதும் உலகத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடியும் வாசித்தேன்

ஆலய வாசிப்பைப் பற்றி எழுத்தர் சொன்ன ஒரு செய்தியை கடைசிக்கு வைத்திருக்கிறேன். சுருளில் எழுத்து சரியாக இருந்து, வாசிப்பவர் பொருள் மாறும்படி தவறாக உச்சரித்துவிட்டால் என்ன ஆகும்? கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே குரல் கொடுத்துத் திருத்துவார்கள். வாசிப்பவர் பின்னால் போய், அந்தச் சொல்லை மறுபடி சரியாக வாசித்துவிட்டுத் தொடர்வார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

சிங்கப்பூர் திரும்பிய வாரமே பாட்டியின் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நல்ல வேளை, தூக்கிப் போடவில்லை. விளக்குக்குக் கீழே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அவர் 'கா' என்றுதான் எழுதியிருந்தார். மை கொஞ்சம் கசிந்திருந்தது, அவ்வளவுதான். என் சகோதரியின் மகன் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். அவனிடம் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டேன். "கா" என்றான், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சியில், நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சில மாதங்களுக்கு முன் ஒரு நேயரின் கணவர் பெயரைத் தவறாக வாசித்துவிட்டேன், இப்போது சரியாக வாசிக்கிறேன் என்றேன். ஒலிவாங்கியை மூடிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிறகு திறந்து, நிதானமாக அந்தப் பெயரைச் சொன்னேன். அதே பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். மறுமுனையில் அவர் வீட்டு வானொலியில் ஓடும் பாட்டு என் காதில் கேட்டது. பாட்டி எதுவும் பேசவில்லை. நானும் காத்திருந்தேன். சரணம் முடிகிற நேரத்தில்தான் குரல் வந்தது.

"ஆமாம்மா. அவருதான்."